ஹம்மர் அண்ணை பூட்டிய எண்ணெய்க் குழாய்

ஓஸ்லோவில் ஹம்மர்பெஸ்ட்டை நினைத்துப் பெருமூச்சு விட்ட ஒரே தமிழர் ஹம்மர் அண்ணைதான். மற்ற எல்லாரும் சாவகச்சேரி மாம்பழத்துக்கும் பருத்தித்துறை வடைக்கும் ஏங்கிக்கொண்டிருக்க, இந்த மனிதர் நோர்வேயின் வட நுனியில் கிடக்கும் ஒரு மீன்பிடி ஊருக்காக ஏங்கினார். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். குழாய் வேலை செய்யும் அவருடைய பெட்டியில் சுத்தியல் இருந்து நான் பார்த்ததேயில்லை.

"இதென்ன குளிர்? இது பிரிட்ஜ். அங்கை இருக்கிறதுதான் குளிர்!" என்பார், நாங்கள் பல் கிடுகிடுக்க நிற்கும்போது. ஓஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. ஹம்மர்பெஸ்ட் தெருவில் ரெயின்டீர் மான்கள் கூட்டமாக நடந்துவந்து வாசல் பூச்செடிகளைத் தின்றுவிட்டுப் போகும் அழகை இவர் சொல்லி முடிப்பதற்குள் மெழுகுதிரி முழுவதும் உருகிக் கேக்கில் ஊற்றுண்டுவிட்டது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"சார், அப்படி அங்க என்னதான் சார் இருக்கு?"

"என்ர மனுசி இருக்கிறா, தம்பி."

தம்பி கேக்கிலிருந்த மெழுகைச் சுரண்டத் தொடங்கினான்.

விஷயம் இதுதான். அண்ணையும் அவர் மனைவி ரஞ்சி அக்காவும் அங்கே ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். மாலையில் அண்ணை வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் அடுப்பு பூட்டிப் பொருத்திக் கொடுப்பார். அக்கா டோர்ச் பிடிப்பா. தொழிற்சாலை மூடியதும் அக்காவுக்கு அங்கேயே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அண்ணை, "ஒரு வருசம் பாத்திட்டு வாறன்" என்று ஓஸ்லோவுக்கு வந்தார். அந்த ஒரு வருடம் ரப்பரைப் போல நீண்டுகொண்டே போனது.

ஆனாலும் அக்கா டோர்ச் பிடிப்பதை விடவில்லை, போனில் பிடித்தா. அண்ணை எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவார். எண்ணெய் நிரப்பும் தாங்கியிலிருந்து, அதை எரிக்கும் பேர்னருக்குப் போகும் செப்புக் குழாயின் வாயைப் பூவைப்போல விரித்து, நட்டால் இறுக்க வேண்டும். விரிப்பதற்கு முன்னமே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்தால் பிறகு அது ஏறாது. அண்ணை கதைக்கிற சுவாரசியத்தில் அதை மறந்துவிடுவார். சரியாக அந்த இடத்தில் ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

"இஞ்சரப்பா, நட் போட்டனீங்களோ?"

"ஓமப்பா, ஓம்" என்றபடி அவசரமாக நட்டைத் தேடுவார்.

வீட்டை எண்ணெயில் சூடாக்குவதற்கு அரசாங்கம் தடை போடுவதற்கு முந்திய காலம். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், நிலத்துக்குள் புதைத்திருந்த எண்ணெய்த் தாங்கி நடுக்குளிர்காலத்தில் ஒழுகத் தொடங்கியது. அதைக் கைவிட்டு, வீட்டுக்குப் பின்னால் புதுத் தாங்கி ஒன்றை இறக்கினோம். மகள் கைக்குழந்தை. அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பனி உடுப்பும் தொப்பியும் போட்டு வைத்திருந்தேன். எண்ணெய் லொறி பின்னேரம் வரும். அதற்குள் குழாய் பூட்டாவிட்டால் லொறி திரும்ப அடுத்த வாரம்தான்.

அன்று குழாய் பூட்ட வந்த அண்ணையின் போன் பெட்டிக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்தது. குழாயை வெட்டினார், வாயை விரித்தார், நட்டைக் கையில் எடுத்தார், அப்படியே நின்றார்.

"சனியன்!"

விரித்த வாயை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப விரித்தார். நட் கீழே கிடந்து அவரைப் பார்த்தது. இன்னொரு தடவை வெட்டினார். இப்போது குழாய் தாங்கிக்கு எட்டவில்லை.

"தங்கச்சி, ஒண்டும் பிரச்சினையில்லை. தாங்கியைக் கிட்டத் தள்ளுவம்."

என் கணவரும் அவருமாக வெறும் தாங்கியைப் பனிக்குள்ளால் தள்ளினார்கள். அது சமையல் செய்யும் குசினியின் ஜன்னலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது. அண்ணை திரும்பவும் நட்டை மறந்தார்.

"அண்ணை, உங்களுக்கு இண்டைக்கு என்ன நடந்தது?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "உன்ர அக்கா கோவம். நிரந்தரமா வரச்சொல்லிக் கேட்டவ. நான், 'அங்கை வந்து ரெயின்டீருக்குப் பைப் பூட்டுறதோ' எண்டு பகிடியாத்தான் சொன்னனான். போனை வைச்சவதான். நான் எடுத்தாலும் எடுக்கிறா இல்லை."

ஊரெல்லாம் அந்த இடத்தின் புகழ் பாடிய மனிதர், அக்கா வா என்று கூப்பிட்டபோது பகிடி விட்டுத் தப்பியிருக்கிறார்.

"போக விருப்பமில்லையோ அண்ணை?"

"விருப்பமில்லாமலோ! இவ்வளவு காலம் அவவைத் தனிய விட்டிட்டு, இப்ப எந்த முகத்தோடை போய்க் கதவைத் தட்டுறது?"

அவருடைய வான் வண்டியில் கடைசித் துண்டுக் குழாய் ஒன்று மட்டும் இருந்தது. அவர் அதை எடுத்துவரப் போனபோது, அவருடைய போனிலிருந்த இலக்கத்தைப் பார்த்து என் போனிலிருந்து அக்காவை அழைத்தேன்.

"அக்கா, உங்கட மனுசன் எங்கட வீட்டில நிக்கிறார். வீடு விறைக்குது, பிள்ளை சிணுங்குது, குழாயும் முடியப்போகுது."

மறுபக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "நட் போடேல்லையோ?"

"இல்லையக்கா."

"ஸ்பீக்கரிலை போடுங்கோ."

அண்ணை குழாயோடு உள்ளே வந்ததும், "இஞ்சரப்பா" என்றது போன். மனிதர் குழாயை நழுவவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"முதல்லை நட்டைப் போடுங்கோ. அழுறதெண்டால் பிறகு அழலாம்."

நட் ஏறியது. வாய் விரிந்தது. லொறி வந்து எண்ணெய் ஊற்றியது. அண்ணை பம்பிலிருந்த காற்றை வெளியேற்றினார். பேர்னர் இரண்டு தரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. ரேடியேட்டர் சுட்டதும் மகளின் தொப்பியைக் கழற்றினேன். நன்றி சொல்லப் பார்த்தால் அண்ணையைக் காணோம். வெளியே போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு பனிக்குள் நின்றார். கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணி அவர் கையிலேயே ஆறிப்போனது.

பனி உருகுவதற்கு முன்னமே அவர் ஹம்மர்பெஸ்ட்டுக்கே போய்விட்டார். குசினியை மறைத்த தாங்கி, தடை வரும்வரை அங்கேயே நின்றது. இப்போது எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குளிர்காலம் தொடங்கும்போது, எங்கள் குளிரை ஏளனம் செய்ய ஒருவர் இல்லையே என்றிருக்கும்.

போன ஜனவரியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பிள்ளை, வந்திட்டுது!"

"ஆர் அண்ணை?"

"சூரியன்! ரெண்டு மாசம் முகமே காட்டாமல் இருந்திட்டு, இப்ப மலைக்கு மேலை நகத்தளவுக்கு எட்டிப் பாக்குது. சனமெல்லாம் வெளியிலை நிக்குது. பொறு, உனக்கும் காட்டுறன்."

வீடியோ இல்லாத சாதாரண அழைப்பு அது. அவர் போனைச் சூரியனை நோக்கிப் பிடித்திருக்க வேண்டும். காற்று இரைந்தது. பின்னால், "தொப்பியைப் போடுங்கோவப்பா!" என்று ரஞ்சி அக்கா சத்தம் போடுவது கேட்டது. ஓஸ்லோவில் அன்று ஒரே மேகம்.

"தெரியுதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை," என்றேன். "வடிவாத் தெரியுது."