பூஜ்யத்துக்கு இடைஞ்சலான எலுமிச்சை

எங்கள் தெருவை அழகுபடுத்துவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. தெருவைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல. ஆனால் தெரு மறுப்பேதும் தெரிவிக்காததால், அது மனமுவந்து சம்மதித்ததாகக் கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

திட்டம் இதுதான். தெருவாசிகளுக்கே தோட்டக்கலை கற்றுக்கொடுப்பது. பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு பாடம். கடைசியில் ஆளுக்கு ஒரு சான்றிதழும் ஒரு பூவாளியும். பச்சைத் தொப்பியை மட்டும் முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே தெருவில் செடிகொடியைத் தவிர மற்றதெல்லாம் பச்சையாக இருந்தது. செடி என்றால் ஈரத்துணி காயப்போடும் இடம் என்று நினைத்திருந்தவர்கள் கூட, ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘நிலவனப்பு’ என்று பேச ஆரம்பித்தார்கள்.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், என் வீட்டு வாசலில் ஒரு எலுமிச்சை மரம் உண்டு. படிக்கட்டுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே, இரண்டடி மண்ணில், இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது. நான் பூட்டு ரிப்பேர் செய்து பிழைத்தவன். படிப்பு நாலாம் வகுப்பு. தோட்டக்கலை தெரியாத காரணத்தால் தினமும் தண்ணீர் ஊற்றிவந்தேன். மரமும் விவரம் தெரியாமல் பதினான்கு அடி வளர்ந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று இந்த மரம். இன்னொன்று வழுக்கை விழாத என் தலைமுடி.

எதிர்வீட்டில் என் மச்சினன். தையல்காரன். பதினொரு வருஷமாக என்னைக் கேட்காமல் அந்த மரத்தில் காய் பறிக்கிறான். சொல்லிக்காட்டுவது என் பழக்கமில்லை. அதனால் எழுதிக்காட்டுகிறேன்.

திட்ட அலுவலர் கையில் படிவத்தோடு வந்து மரத்தின் முன்னால் நின்றார்.

“இது என்ன?”

“மரம் சார்.”

“அது தெரியுது. இங்க ஏன் நிக்குது?”

“நட்டோம். அதனால நிக்குது.”

“யார் அனுமதியோட?”

“எங்க வீட்டுக்காரம்மா நடச் சொன்னா. அதுக்கு மேல ஒரு அனுமதி எங்க வீட்ல கிடையாது சார்.”

அவர் படிவத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஆறாவது கட்டத்தைப் பாருங்க. ‘தற்போதுள்ள பசுமை’. இங்க பூஜ்யம்னு போட்டாத்தான் திட்டம் செல்லும். ‘முன்’ படத்துல பூஜ்யம், ‘பின்’ படத்துல பச்சை. அப்பத்தானே வளர்ச்சி தெரியும்? நல்லா இருக்கிறவனுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்களா?”

“ஒரே ஒரு மரம்தானே சார்.”

“ஒண்ணு எப்படிங்க பூஜ்யமாகும்?”

நாலாம் வகுப்புவரை படித்ததில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். படிவத்தை அவர் பக்கமே தள்ளினேன்.

மரத்தை வெட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் இருந்து தெருவை வெட்டிவிடுவார்கள். செய்தி பரவியதும் எல்லாத் தொப்பிகளும் என் வாசலில் கூடின. முதல் தொப்பி மச்சினனுடையது.

“மாமா, உங்க ஒரு மரத்துக்காகத் தெருவே காய்ஞ்சு போகணுமா?”

“மாப்ளே, நீ பறிச்ச காயையெல்லாம் திரும்ப மரத்துல ஒட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

“பூவாளி போயிடும் மாமா!”

“போகட்டும். வாளியில ஊத்து.”

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. அலுவலரிடம் கேட்டாள்: “மரம் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதானே சார்?”

“அவ்வளவுதான்மா. அழகுபடுத்துறதுக்குத் தடையா இருக்கக் கூடாது.”

அவள் சொன்னபடி மச்சினன் நான்கு தார்ப்பாய்களைச் சேர்த்து ஒரு பெரிய உறை தைத்தான். ஏணி வைத்து மரத்தின் தலையில் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டினோம். ஆறாவது கட்டத்தில் பூஜ்யம் ஏறியது. ‘முன்’ படம் எடுத்தார்கள். படத்தில் எங்கள் தெரு பிரமாதமான பொட்டல்காடாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கயிற்றில் கை வைத்தேன். “அவிழ்த்துடலாமா சார்?”

“ஐயையோ! நடுவுல ஆய்வுக்கு வருவாங்க. ‘பின்’ படம்வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

“பன்னிரண்டு வாரமா? வெயில் படாம செத்துப்போகும் சார்!”

“வெயில் அஞ்சாவது பாடம். அவசரப்படாதீங்க.”

மறுநாள் மத்தியானம் தெரு முழுக்க வகுப்புக்குப் போயிருந்தபோது, ஏணியில் ஏறி, தகரம் வெட்டும் கத்தரியால் உறையின் மேல்பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டேன். கீழே நின்றால் தெரியாது. அந்த அலுவலர் மேலே பார்ப்பது மேலதிகாரி எதிரில் நிற்கும்போது மட்டும்தான். அடிப்பக்கத்தில் கையை விட்டுத் தண்ணீர் ஊற்றினாள் என் மனைவி. மரம் மூட்டைக்குள்ளே மூச்சுவிட்டது.

வகுப்பு சமூகக் கூடத்தில் நடந்தது. முதல் பாடம் மண். கூடத்தில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்ததால் மண்ணை உள்ளே விடவில்லை, மண்ணின் படத்தைக் காட்டினார்கள். இரண்டாவது பாடம், செடியைத் தொடும் முறை. அதற்கு ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. எல்லோரும் வரிசையில் நின்று தொட்டுவிட்டு வந்தார்கள். மூன்றாவது வாரம் நிஜமான கன்றுகள் அறுபது வந்து இறங்கின. நட்டார்கள். தண்ணீர் ஊற்றுவது ஒன்பதாவது பாடம் என்பதால் யாரும் ஊற்றவில்லை. மனசு கேட்காமல் மச்சினன் ஒரு கன்றுக்கு ஒரு சொம்பு ஊற்றினான். ‘பயிற்சி பெறாத தலையீடு’ என்று சொல்லி இரண்டு நாள் அவன் தொப்பியைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அலுவலகத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஒன்பதாவது வாரம் பாடம் நன்றாகவே நடந்தது. பூவாளியைப் பிடிக்கும் கோணம், முழங்கால் மடிக்கும் அளவு, ஒன்றும் பிசகவில்லை. அறுபது குச்சிகளுக்கும் முறைப்படி தண்ணீர் ஊற்றினார்கள்.

பன்னிரண்டாவது வாரம் மேலதிகாரி ‘பின்’ படத்துக்கு நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அலுவலர் என் வீட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயா, அது உயிரோட இருக்கா?”

மூன்று மாதத்தில் முதல் ‘ஐயா’ அதுதான்.

“எது சார்? எங்க தெருவுலதான் பச்சையே கிடையாதே! ஆறாவது கட்டத்தைப் பாருங்க.”

“ஐயா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

விழட்டும் என்று நான் இரண்டடி இடம் விட்டு நின்றேன். அதற்குள் கார் வந்துவிட்டது. என் மனைவி போய்க் கயிற்றை இழுத்தாள். உறை சரிந்தது. பூவும் பிஞ்சும் காயுமாக மரம் நின்றது.

மேலதிகாரி வாயைப் பிளந்தார். “மூணு மாசத்துல பதினாலு அடியா?”

“முறையான பயிற்சி சார்,” என்றார் அலுவலர்.

“அந்தத் துணி?”

“வளர்ச்சி உறை சார்.”

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஊரில் உள்ள மரங்கள் அனைத்தையும் உடனடியாக வளர்ச்சி உறையால் மூட வேண்டும். மேல்பக்கத்து ஓட்டையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. என்னைத்தான் யாரும் கேட்கவில்லையே. ஆனால் என்னை முதன்மைப் பயிற்றுநராக நியமித்திருந்தார்கள். மூன்று மாதமாக நாக்கு நுனியில் சேர்த்துவைத்திருந்த வசவுகளோடுதான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சரிகை வைத்த தொப்பி ஒன்றை என் தலையில் வைத்தார்கள். என் முடிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வசவெல்லாம் மறந்துபோயிற்று.

முதல் வேலை பக்கத்துத் தெரு. எனக்கு முப்பது வருஷமாக முடிவெட்டும் சலூன்காரர் கடை வாசலில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதன் நிழலில்தான் அவர் வாடிக்கைக்காரர்கள் உட்காருவார்கள்.

“அண்ணே, நீங்களுமா? ஒரே ஒரு மரம்ணே!”

“ஒண்ணு எப்படிப்பா பூஜ்யமாகும்? ‘முன்’ படத்துல பூஜ்யம் இருந்தாத்தானே வளர்ச்சி தெரியும்?” என்றேன். என் வாயிலிருந்து அது தங்குதடையில்லாமல் வந்தது. மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

“தண்ணியாவது ஊத்தலாமா?”

“ஒன்பதாவது பாடம்.”

ஓட்டையைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் தொப்பி போய்விடும். விழுங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எனக்குப் பரிசளிப்பு விழா என்று நாள் குறித்தார்கள். விழாவுக்கு முதல் நாள் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். வாசலில் மூட்டைக்குள் சருகு உதிரும் சத்தம் கேட்டது. சலூன்காரர் நாற்காலியைத் தட்டி என்னை உட்காரவைத்தார். வெள்ளைத் துணியை என் கழுத்துவரை போர்த்தி, பின்னால் இறுக்கி முடிந்தார். காற்றாடிக் காற்றில் கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது கண்ணாடியில் யாரோ ஒரு மொட்டையர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடப்பாவி! என்னப்பா பண்ணிட்டே?”

“முன் படம் அண்ணே. பூஜ்யத்துல ஆரம்பிச்சாத்தானே வளர்ச்சி தெரியும்?”

“மறுபடி எப்ப முளைக்கும்?”

“அது ஒன்பதாவது பாடம்ணே.”

தொப்பியை எடுத்து வைத்தேன். அது மூக்குவரை இறங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி இறக்கிவிட்டாள். பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தம்பி, தார்ப்பாய் ஏதாவது மிச்சம் இருக்கா? நாளைக்குப் படம் எடுக்க வராங்க.”