சந்துச் சுவரில் சுரந்த தீர்த்தம்

சந்துச் சுவரின் அடியில் தண்ணீர் சுரக்கிறதாம்! கண்ணில் விட்டால் பார்வை, தலையில் தேய்த்தால் முடி, வாசலில் தெளித்தால் மாப்பிள்ளை! செய்தி பரவியதுதான் தாமதம், ஊரே பாட்டிலும் கையுமாக வரிசையில் நின்றது.

சுரக்க வைத்தவர் ஊற்று மகான். சுவரை ஒரு விரலால் தொட்டாராம், பூமித்தாய் உருகிவிட்டாளாம். பக்கத்தில் ஓர் உண்டியல். பூமித்தாய்க்கும் செலவு இருக்கும் அல்லவா!

சுவருக்கு மறுபக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இரண்டாம் மாடியில் இருந்த கணக்கு டீச்சர் இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை, அந்தப் பாட்டில் தன் வீட்டுக்குள் நுழையும் வரை.

"கண் ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. தீர்த்தம் விட்டாலே புரை கரைஞ்சிடுமாம்" என்றார் மாமியார். விட்ட கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"அத்தை, கண்ணு என்ன வாஷ்பேசினா, கண்டதையும் ஊத்த?"

"வாயை அலம்பு! எவ்வளவு தெளிவா இருக்கு பாரு!"

தெளிவாகத்தான் இருந்தது. டீச்சருக்குச் சந்தேகமே அங்கேதான் வந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். குடியிருப்பின் பின்புறம் சரளைக்கல் நிரப்பிய நீளத் தொட்டி. அதில் கல்வாழையும் கோரையும். எல்லா வீட்டிலும் குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் அதற்குள்தான் போகும். கல் அழுக்கைப் பிடிக்கும். வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். தெளிந்த நீர் சுவரடிக் குழாய் வழியாகச் சந்து மரங்களுக்குப் போகும். கட்டியபோது கைதட்டிய குடியிருப்புக்காரர்கள், பிறகு அதைப் பூந்தோட்டம் என்று நினைத்து மறந்துபோனார்கள்.

டீச்சர் நேரே சந்துக்குப் போனார்.

"சாமி, இந்த ஊத்து வத்துமா?"

"நான் இருக்கிற வரைக்கும், பிரளயமே வந்தாலும் வத்தாதும்மா!"

அது போதும். டீச்சர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் சொல்லும்வரை யாரும் குளிக்கவோ துவைக்கவோ கூடாது.

"குளிக்காம எப்படிம்மா இருக்கறது?" என்று பதறினார் மூன்றாம் மாடிக்காரர்.

"போன வாரம் பூரா எப்படி இருந்தீங்களோ, அப்படித்தான்!" என்றது உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

ஞாயிறு வந்தது. காலையிலேயே ஊற்று இளைத்தது. வெயில் ஏற ஏறச் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. கூட்டம் கலங்கியது.

"வரிசையில யாரோ பாவி நிக்கிறான்!" என்று முழங்கினார் மகான். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"இப்ப நான் வரவைக்கட்டுமா?" என்ற டீச்சர் போனை எடுத்தார். "எல்லாரும் குளிங்க!"

மாடிதோறும் குழாய்கள் திறந்தன. வாஷிங் மெஷின்கள் உறுமின. சற்று நேரத்தில் பூமித்தாய் மறுபடி உருகினாள். டீச்சர் சுவரடிக் கல்லைப் புரட்டினார். உள்ளே பிளாஸ்டிக் குழாய்!

"இது நாங்க குளிச்ச தண்ணி. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டியில கல்லும் கல்வாழையும் தெளிய வச்சு அனுப்புது. மரத்துக்கு ஊத்தலாம். குடிக்கவோ கண்ணுல விடவோ ஆகாது."

"ஐயையோ, நான் குடம் குடமாக் குடிச்சேனே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் ஒருவர்.

மகான் அசரவில்லை. "அழுக்குத் தண்ணிய தீர்த்தமாக்கினது என் சக்திதான்!"

"அப்படியா? ரொம்ப நல்லது." டீச்சர் சோப்புத் தண்ணீர் பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "கல்லும் இல்ல, செடியும் இல்ல. உங்க சக்தியால தெளிய வச்சு, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

மகான் பக்கெட்டைப் பார்த்தார். கூட்டம் மகானைப் பார்த்தது. விரலை நீட்டினார், நுரை அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அடுத்த கணம் காவி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டம்தான் அந்தச் சந்து கண்ட ஒரே அற்புதம்.

கூட்டத்தில் நின்ற மாமியார் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தார். "அந்த மூணாம் மாடிக்காரன் குளிச்ச தண்ணியையா விட்டேன்? டாக்டருக்குப் போன் போடும்மா, உடனே!"

கூட்டம் திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, கல்வாழைக்கு முன்னால் பயபக்தியோடு கைகூப்பி நின்றார்கள்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்குது, கும்பிடு கேக்கல. போய் உங்க தெருவுலயும் ஒண்ணு கட்டுங்க. அப்படியே, தலைக்குள்ள சும்மா கிடக்குற மூளைக்கும் கொஞ்சம் வேலை குடுங்க!"