எமரியண்ணனும் லாரியின் ஆறு வாயும்

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்று வளர்த்தது ஏழு பிள்ளைகள். ஏழு பேரையும் ஒரே பார்வையில் உட்காரவைத்தவள் நான். என் பார்வைக்கு அடங்காத ஆள் ஸ்ரீராம்புரம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எமரி.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. எந்நேரமும் இரும்பைத் தேய்க்கும் எமரித்தூளும் எண்ணெயுமாக எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். அதனால் எமரி. பக்கத்து வீட்டுக்காரர். பிழைப்பு லாரி ஓட்டுவது. வெள்ளைக்காரன் போனபின் பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய லாரி அது. கவுடர் என்கிற கன்னடக்காரர் வாங்கியிருந்தார். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும், மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். நந்திமலைக்குச் சிமென்ட் கொண்டுபோனால் பாதி மூட்டைகளை வழியில் இறக்கிவைத்த பிறகுதான் நகரும்.

என் பிள்ளை ஒன்று கைக்குழந்தையாக இருந்த சமயம், ஒருநாள் கவுடர் எமரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நோடப்பா, அடுத்த லோடு நிக்காம மேல ஏறணும். இல்லன்னா வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

வேறு ஆளாக இருந்தால் வேறு முதலாளியைத் தேடியிருப்பார். எமரியோ எஞ்சினை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, கோணியில் சுற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நீளமான இரும்புப் பாளம். அடிப்பக்கம் வரிசையாக ஆறு குழி.

"இன்னாண்ணா, மிச்ச லாரி எப்ப வரும்?" என்றேன்.

"கேலி பண்ணாத தங்கச்சி. இத அடியில தேச்சா குழி ஆழம் கொறையும். உள்ள இறுக்கி எரியும். வண்டி ஏறும்."

"மெஷின்ல குடுத்தா சீவித் தருவான்ல?"

"மெஷின்காரனா என் வண்டிய ஓட்டுறான்?"

தேய்க்க மேடுபள்ளமில்லாத கல் வேண்டும். சந்திலுள்ள கல் ஒவ்வொன்றின்மேலும் மரச்சட்டம் வைத்துக் குனிந்து பார்த்தார். குழாயடியில் அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த துவைக்கிற கல் பிடித்துப்போனது. ஹெட்டைக் கவிழ்த்துத் தேய்க்கத் தொடங்கினார். நாங்கள் வாளியோடு நின்றோம்.

"சொல்ப பொறுங்கம்மா."

"துணி நாறுதுண்ணா."

"நாறட்டும். வண்டி மேட்டுல நின்னா என் மானம் நாறும்."

மேடு பள்ளம் பார்க்க என்னிடம் குங்குமம் வாங்கினார். எண்ணெயில் குழைத்துக் கல்லில் பூசி, ஹெட்டை வைத்து எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அங்கே தேய்ப்பார். ஒருநாள் குங்குமத்தோடு அதை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பிவந்தால் ஹெட்டுக்குச் சாமந்தி மாலை. பக்கத்தில் கற்பூரம். மேல்சந்துக் கிழவி சொம்புத் தண்ணீரால் அபிஷேகத்தையே முடித்திருந்தாள்.

"துரு ஏறிடுமே ஆயா," என்று தலையில் கைவைத்தார் எமரி. துண்டை எடுத்து அவசரமாகத் துடைத்தார்.

"சாமியப் போயி தொடைக்கிறியே, நல்லா இருப்பியா நீ?"

"சாமிதான். ஆறு வாய் சாமி. படையல் போட்டு மாளல."

துருவைப் போக்க மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார்.

அதோடு முடிந்ததா? ஆறு குழியும் ஒரே அளவு கொள்ள வேண்டுமாம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் எஞ்சின் உதறுமாம். மண்ணெண்ணெய் ஊற்றி அளக்கப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கை நடுங்கியது, எண்ணெய் வெளியே வழிந்தது. என் வாசலுக்கு வந்தார்.

"கொழந்தைக்குப் பால் ஊத்துற பாலாடை இருக்குல்ல? குடேன்."

"பிள்ள வாயில வைக்கிறத மண்ணெண்ணெய்க்குத் தருவேனா? போண்ணா."

போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சமைத்தேன், பெருக்கினேன், பிள்ளையைத் தூங்கவைத்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன்.

"தரேன். ஆனா உன் கையில இல்ல. நான்தான் ஊத்துவேன். அப்புறம் எனக்குப் புதுசு வாங்கித் தரணும்."

பாலாடை பிடித்துப் பழகிய கை என்னுடையது. சொட்டுகூடச் சிந்தவில்லை. குறைவாகக் குடித்த குழியை அவர் சுரண்டுவார், நான் மறுபடி ஊற்றுவேன். ஆறும் ஒரே அளவு குடிக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

லோடு ஏற்றிய அன்று வந்து கூப்பிட்டார். "கெளம்பு தங்கச்சி. ஊட்டுனவ இல்லாம ஏறாது."

கைக்குழந்தையோடு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கவுடர். மலை தொடங்கியது. வழக்கமாக மூட்டை இறக்கும் வளைவு வந்தது. எமரி கியரைக் குறைத்தார். எஞ்சின் முக்கியது.

"ஆய்து, முடிஞ்சிது. நின்னுடும்," என்றார் கவுடர்.

"வாய மூடு கவுடா. நிக்காது."

முதலாளியை அவர் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன். லாரி நிற்கவில்லை. எறும்பு போல ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு மூட்டைகூட இறக்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவுடர் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். "சரிப்பா. நீயே ஓட்டு," என்றார்.

எமரி இறங்கி என் பக்கம் வந்தார். என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ரொம்ப நேரமா தூக்கினுக்கீற. கை வலிக்கும். சொல்ப நேரம் சும்மா குந்து," என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. யாராவது கேட்டால், ஒருவர் உண்டு என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

சுமதி, இங்கே வா கண்ணு. பாட்டி எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன், முதலிலிருந்து படித்துக்காட்டு. மலை ஏறும் இடத்தில் மட்டும் மெதுவாகப் படி.