வெயிலுக்கு மாத்திரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேரட் மேஸ்திரியைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். வெயிலை வாய் வழியாக ஜெயிக்கப் பார்த்த ஆள் மைசூரிலேயே அவர் ஒருவர்தான்.

நாங்கள் கட்டட வேலைக்காரர்கள். தலையில் துண்டு, உடம்பில் முழுக்கைச் சட்டை. வெயிலுக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மேஸ்திரிக்குப் பெண் கேட்டுப் போன இடமெல்லாம், வெயிலில் வெந்து கருத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று கைகழுவினார்கள். வயது நாற்பதை நெருங்கியது. அப்போதுதான் மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரையைக் காட்டி, இதை விழுங்கினால் வெயில் தோலைத் தொடாது, கேரட்டில் இருக்கும் சத்துதான் என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு துண்டு போயிற்று.

"உள்ளுக்கே மருந்து இருக்குது, மேல துணி எதுக்குங்கறேன்?" என்றார்.

காலையில் மாத்திரை. பிறகு பொழுதுக்கும் கேரட். கான்கிரீட் போடும்போதுகூடக் கடித்துக்கொண்டே எங்களுக்கு உபதேசம் செய்வார். சாயங்காலம் எனக்குக் கையைத் தூக்கவே தெம்பிருக்காது. அதற்கு மேல் காதையும் கொடுக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையே தேவலை என்றிருக்கும்.

முதுகு தோலுரிந்தது. கருப்பு அப்படியே இருந்தது. உள்ளங்கை மட்டும் மஞ்சளாகிவிட்டது.

அந்தக் கையோடு பெண் பார்க்கப் போனார். வேறு ஆளில்லாமல், பேசத் தெரியாத என்னைத் துணைக்கு இழுத்துப் போனார். பெண் ஊதுபத்தி உருட்டுகிறவள். காபி டம்ளருக்கு மேஸ்திரி கை நீட்டியதும், ஹனூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமா எழுந்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்குக் காமாலைங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரியே தலையைக் குனிந்துகொண்டு, கேரட் தின்றதையும், எதற்காகத் தின்றார் என்பதையும் சொன்னார். மாமா நம்பாமல் செருப்பைத் தேடினார்.

கதவோரம் நின்ற பெண் முன்னால் வந்தாள். ஊதுபத்தி உருட்டிக் கரித்தூள் ஏறிய தன் உள்ளங்கையை மாமாவிடம் விரித்தாள்.

"என் கையுந்தான் கருப்பா இருக்குது மாமா. எனக்கென்ன சீக்கா? அவரு கண்ணப் பாருங்க, வெள்ளையாத்தான இருக்குது. எனக்குச் சம்மதமுங்க. கேரட்ட மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

மாமா குனிந்து மேஸ்திரியின் கண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம்தான் பொறுத்தேன். "ஏதாவது சொல்லிட்டு வாங்க மேஸ்திரி" என்று நானே கேட்டேன்.

14-6-1998, ஞாயிறு.