இடது பக்க முட்டி ரப்பர்

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஓடிய அத்தனை கார்களின் அடிவயிற்றையும் பார்த்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். கார் சொந்தக்காரர்களே பார்த்ததில்லை. மெக்கானிக்குகள் தங்களிடம் வந்ததை மட்டும் பார்த்தார்கள். வெர்னியர் எல்லாவற்றையும் பார்த்தான், அதுவும் யாரையும் கேட்காமல்.

வெர்னியர் அவன் பெயர் இல்லை. பெயரை லாட்ஜ் ரிஜிஸ்தரில் ஒரு தடவை பார்த்தேன், மறந்துவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தலைமுடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லும் வெர்னியர் என்ற எஃகுக் கருவி, அவன் சட்டைப் பையில் எந்நேரமும் பேனா மாதிரி செருகியிருக்கும். தெப்பக்குளம் பக்கத்து லாட்ஜில் எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. அதில் என் பங்கு ஒரு பாய் அகலம். மீதி இடம் பூரா காரும் மோட்டார் சைக்கிளும்தான்.

எல்லாம் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அவனே செய்தவை. பொம்மை என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டான். "மாடல்னு சொல்லு. பொம்மை குழந்தைங்களுக்கு" என்பான். சிகரெட் டின் தகடு காரின் உடம்பாகும். மோட்டார் காயில் கம்பி சக்கரத்தின் ஆரக்காலாகும். அறுந்த செருப்பு டயராகும். உடைந்த சிவப்பு வளையல் பின்விளக்காகும். கதவு திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். எஞ்சினில் ஆயில் ஒழுகிய கறையும் தெரியும்.

"கறை எதுக்குடா?" என்று கேட்டேன்.

"வண்டில இருக்கு" என்றான். அவனுடைய வேதம் பூராவும் இந்த இரண்டு சொல்தான்.

ஒரு நாள் மலைக்கோட்டை வாசலில் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி காரை நிறுத்திவிட்டு மலையேறப் போனார். டிரைவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. "ஐயோ, நான் ஏத்தலைங்க! வண்டி நின்னுக்கிட்டுதாங்க இருந்துச்சு!" என்று அவர் அலறிய அலறலில் சின்னக்கடை வீதியே திரண்டுவிட்டது. ஒருவர் சோடா உடைத்தார். இன்னொருவர் துணிந்து காலைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இழுக்காதீங்க சார், கணக்கு விட்டுப்போயிடும்." வெளியே வந்தவன் சோடாவை வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு, டிரைவரிடம் சைலன்சர் கிளாம்பில் ஒரு நட் குறைகிறது என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பெயின்ட் விஷயம் இதைவிட மோசம். மாடலுக்கு நகப்பூச்சுதான் மெழுகிய மாதிரி நிற்கும் என்று கண்டுபிடித்து, மூன்று சீசா வாங்கிக்கொண்டு வந்தான். அறையிலிருந்து வாசனை கிளம்பியது. எங்கள் லாட்ஜ் மேனேஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருகிற ஐயங்கார். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஸ்வாமி, பிரம்மச்சாரிகள் வாசம் பண்ற இடம். ஸ்த்ரீகள் யாராவது எழுந்தருளியிருக்காளா?"

"இல்லீங்க, கார்தான்" என்று வெர்னியர் சிவப்பு விரல்களைக் காட்டினான். அவர் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

என் கதையும் ஒன்று சொல்லவேண்டும். நான் தினமும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா மண்டபம் பக்கத்தில் ஓர் எருமை வந்து மோதி என் முட்டி பெயர்ந்தது. லாட்ஜே கூடி நின்று எருமையைத் திட்டியது. வெர்னியர் மட்டும் குனிந்து என் சைக்கிளின் முன் மட்கார்டில் விழுந்திருந்த ஒடுக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒடுக்கைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் போய்விட்டான்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்த்தோம். அவன் கிறிஸ்தவன், அப்பா அம்மா கிடையாது. அவனைவிட ஒரு வயது சின்னவனான நான்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். பாலக்கரையில், மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் வீடு. பெண்ணின் அப்பா ரிட்டையரான ரயில்வே கார்டு. பெண் ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். வெர்னியருக்கு அந்த இடம் முடியவேண்டுமே என்று எனக்கு ஒரே தவிப்பு. ஏற்கனவே இரண்டு வீட்டில் அவனுடைய விரல் நிறத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தார்கள்.

அந்த வீட்டு வராண்டாவில், சுவரை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மிலிட்டரி ஏலத்தில் வாங்கியது. கார்டு ஐயா அதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துடைப்பாராம். ஸ்டெல்லா காபி கொண்டுவந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். தேடினால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு அளவெடுத்துக்கொண்டிருக்கிறான்!

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். கார்டு ஐயாவோ பூரித்துப்போனார். "தம்பிக்கு வண்டி தெரியுமா? பதினோரு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!"

இதே வண்டியை மாடலாகச் செய்து நிச்சயத்தன்று கொண்டுவருகிறேன் என்று வெர்னியர் வாக்குக் கொடுத்தான். வெளியே வந்ததும், "பொண்ணு எப்படிடா?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?" என்றான்.

மாடல் தயாராக ஆறு வாரம் ஆனது. ஞாயிறு தவறாமல் போய் அளந்துவந்தான். முடிந்த அன்று பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சு நின்றுவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குள் அந்த முழு வண்டியும் இருந்தது. ஆனால் பெட்ரோல் டாங்கில், ஓட்டுகிறவர் முட்டி படுகிற இடத்தில் ஒட்டும் ரப்பர், இடது பக்கம் மட்டும் ஒட்டாமல் தொங்கியது. தூக்கினால் அடியில் ஓர் ஒடுக்கு.

"இது என்னடா?"

"வண்டில இருக்கு. இடது ரப்பர் வலதைவிடக் கால் அங்குலம் நீளம். ஏன்னு மூணு நாள் தூக்கம் இல்லை. லேசா பிரிச்சுப் பார்த்தேன். உள்ள ஒடுக்கு."

"அடப்பாவி, அவருக்கே தெரியாதுடா! ஒரு கீறல் காட்டுன்னு சவால் விட்ட மனுஷன். ஒழுங்கா ரப்பரை ஒட்டிடு."

"ஒட்டிடறேன்" என்று தலையாட்டினான். நானும் நம்பினேன்.

நிச்சயத்தன்று கார்டு ஐயா மாடலை உள்ளங்கையில் ஏந்திக் கண் கலங்கினார். உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு கேக்கைத் தின்றிருக்கலாம். இவன் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, "இடது ரப்பரைத் தூக்கிப் பாருங்க! ஒடுக்கைக்கூட விடலை!" என்றான். மேஜைக்கு அடியில் நான் அவனை உதைத்தேன். அது ஸ்டெல்லாவின் பெரியப்பா கால்.

கார்டு ஐயா வராண்டாவுக்கு ஓடினார். ரப்பரைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. "யாரு? யாரு இதைப் பண்ணினது?"

"எனக்கும் அதாங்க தெரியணும்" என்றான் வெர்னியர் உற்சாகமாக. "ரப்பர் வெட்டின விதம் இருக்கே, பிரமாதம்! எங்க ஒர்க்‌ஷாப்ல யாருக்கும் இந்த வளைவு வராது."

உள்வாசலிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள். "நான்தான். நீங்க வேளாங்கண்ணிக்குப் போயிருந்தப்ப ஓட்டிப் பார்த்தேன்ப்பா. மேலப்புதூர் திருப்பத்துல சாஞ்சிடுச்சு."

மேலப்புதூரில் ஒரு டீச்சர், சேலையோடு, மோட்டார் சைக்கிளில்! பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டார். கார்டு ஐயா வாசலைக் காட்டி, "நிச்சயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாரும் எந்திரிங்க" என்றார். நான் செருப்பைத் தேடினேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

வெர்னியர் காதில் ஒன்றும் விழவில்லை. ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த கியர்ல?"

"ரெண்டாவதுல."

"அப்ப கிளட்ச் லிவர் வளைஞ்சிருக்கணுமே?"

"வளைஞ்சுது. பைப்புக்குள்ள விட்டு நிமித்தினேன்."

"அதானே! லிவர் எனக்கு ஒரு நூல் தள்ளியே வந்துது. என் அளவுதான் தப்புன்னு ரெண்டு தடவை பிரிச்சு மாத்தினேங்க!"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். கார்டு ஐயாவின் நீட்டிய கை மெதுவாக இறங்கியது. "ஒரு நூலா? அதான் ஒரு வருஷமா எனக்கு இடது கை வலிக்குதா?"

மூன்று பேரும் வராண்டாவில் வண்டியைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். உள்ளே நானும் பெரியப்பாவும் கேக்கைத் தின்றோம். அரைமணி கழித்துக் கார்டு ஐயா முழங்கை வரை கிரீஸோடு வந்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்.

"ரப்பர் நல்லா வெட்டியிருக்கேன்னு சொன்ன முதல் ஆளு இவர்தான்ப்பா" என்றாள்.

கல்யாணம் முடிந்து அவர்கள் அதே வண்டியில் முக்கொம்புக்குப் போனார்கள். யார் ஓட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கு வெர்னியர் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே என் சைக்கிள். கிழிந்த சீட், அடிக்காத மணி, ஒரு பக்கம் தேய்ந்த பெடல், எல்லாம் இருந்தது. ஆனால் முன் மட்கார்டில் அழகாக வெட்டிய ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. என் சைக்கிளில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. என் மனைவி அந்தப் பக்கம் போனதும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஒடுக்கு இருந்தது. எருமை மீது மோதியது யார் என்பதும் அதில் தெளிவாக இருந்தது.

ரப்பரைத் திரும்ப ஒட்டிவிட்டேன். வண்டியில் இல்லாத ஒன்றை வெர்னியர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சேர்த்துச் செய்தான், அதை எனக்காகச் செய்தான்.