குறையாத ரத்தம்

பிரம்மதேசம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சீனுவாசன் அவர்களுக்கு அப்பாதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மாடு, கன்று, கொல்லையில் மல்லாட்டைப் பயிர் எல்லாம் நலம். உங்கள் தங்கை அம்சாவும் நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் நாங்கள் விழுப்புரம் வந்தும் உங்கள் வீட்டுப் படியேறாமல் திரும்பியதை யாரோ பஸ் ஸ்டாண்டில் பார்த்து உங்களிடம் சொல்லிவிட்டதாகவும், நீங்கள் மனத்தாங்கலாக இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். காரணத்தைப் போனில் சொல்ல முடியாது மச்சான். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் உங்கள் மருமகள் கலைப்பிரியா நிற்பாள். விஷயம் உட்காரும் இடத்தைப் பற்றியது.

ஆடி மாதம் ஒரு காலையில் கக்கூசில் எழுந்து திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக ரத்தம். உங்கள் தங்கையிடம் சொல்லி அழுதே விட்டேன். மூலமாகத்தான் இருக்கும் என்று ஒரு வாரம் மூன்று வேளையும் கருணைக்கிழங்கு தின்றேன். அம்சா சலிக்காமல் செய்து கொடுத்தாள், எனக்குத் துணையாக அவளும் தின்றாள். ரத்தம் நிற்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். "மூலம்தாங்களே?" என்றேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த வயசுல ரத்தம் போனா அப்படியே வுடக் கூடாதுங்க ஐயா. கெட்ட வியாதியா இருந்தாலும் சீக்கிரம் பாத்தா கொணமாயிடும்" என்று சொல்லி, விழுப்புரத்தில் இருக்கும் குடல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டியூப் விட்டுப் பார்க்க வேண்டுமாம். எந்த வழியாக என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்கு முதல் நாளே வயிற்றைக் கழுவ ஒரு மருந்து. அதைக் குடித்துவிட்டுத் திண்டிவனத்தில் பஸ் ஏறி நான் பட்ட பேஜாருக்கு இந்தத் தாள் போதாது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். அந்தக் கோலத்தில் சம்பந்தி வீட்டு மனிதர்கள் வந்து போகிற உங்கள் வீட்டுக்கு எப்படி வருவேன், நீங்களே சொல்லுங்கள்.

டாக்டர் டியூப் விட்டும் பார்த்தார், ரத்தம் எடுத்தும் பார்த்தார். "குடல்ல ஒண்ணுமே இல்லீங்க. உடம்புல ரத்தமும் குறையல. இத்தனை நாளா ரத்தம் போறவருக்கு இப்படி இருக்காதே" என்று என்னையே பார்த்தார். பிறகு, "வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "பையன் வல்லரசு ஓசூர்ல இருக்கான் சார். இங்க நான் ஒருத்தன்தான்" என்றேன். அம்சா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நிம்மதியாகத் திரும்பினேன். மறுநாள் காலை கக்கூஸ் கதவைத் திறந்தால், நான் உட்காருவதற்கு முன்பே பீங்கானில் ரத்தம். என்னிடமிருந்து போகவில்லை, எனக்குக் குறையவும் இல்லை. அப்படியானால் அது யாருடையது மச்சான்? யோசிக்க யோசிக்க ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த மூலையில் முன்பு காவு கொடுக்கிற கல் ஒன்று இருந்தது. கக்கூஸ் கட்டும்போது அதைப் பிடுங்கிப் போட்டவன் நான்தான். உடனே கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் மல்லாட்டைக் கொல்லையில், வேலியோரம், புல்லின் மேல் ரத்தம். பூட்டி வைத்ததும் அது எழுந்து கொல்லைக்கு வந்துவிட்டது மச்சான். சுற்றிலும் தேடிவிட்டேன், அம்சாவின் காலடியைத் தவிர வேறு தடமே கிடையாது.

அமாவாசையன்று பகலிலேயே அவளை அழைத்துக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனேன். என் கவலையிலேயே அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கட்டியவனுக்காக இப்படி உருகுகிறவளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும்? வரிசையில் நிற்கும்போது கண் செருகி, இப்படியும் அப்படியும் ஆடி, சாய்ந்துவிட்டாள். "அம்மா எறங்கிட்டா" என்று சுற்றி நின்ற பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு அவள் காலில் விழுந்தார்கள். "தாயே, என்னா வோணும், சொல்லு" என்று ஒருத்தி கேட்டாள். அம்சா மெதுவாக, "தண்ணி" என்றாள். "அப்பறம்?" "உக்காரணும்." கூட்டம் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குறி சொல்கிற காந்திமதி விளக்கினாள்: "கல்லு தண்ணி கேக்குது. பழைய எடத்துலயே உக்காரணும்னு கேக்குது. கெடா வெட்டி நட்டுடு. ஜல்தி பண்ணு."

ஆகையால் வருகிற அமாவாசையன்று கக்கூசை இடித்துக் கல்லை நடுகிறேன். அம்சாவின் பிறந்த வீட்டுச் சார்பில் நீங்கள் வந்து நிற்க வேண்டும். இனி டாக்டர், டியூப் என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது.

அம்சாவின் அண்ணியாருக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. அங்காளம்மன் உங்கள் குடும்பத்தில் யார் உடம்பிலும் ஒரு சொட்டுக் குறையாமல் காக்கட்டும். கடிதத்தை ஒட்டித் தபாலில் போட அம்சாவிடம் கொடுக்கிறேன். அவளுக்கு இவ்வளவு நீளம் படிக்கப் பொறுமை கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள
அப்பாதுரை

பி.கு.: அண்ணா, நான் அம்சா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். அது கல்லோட ரத்தம் இல்ல, என்னுது. தை மாசத்துல இருந்து போவுது. தண்ணி ஊத்திட்டுத்தான் வருவேன், தல சுத்துற அன்னிக்கு மட்டும் சரியா ஊத்த முடியல. அவரு தனக்குன்னு நெனச்சு அழுதாரு, அப்ப எப்பிடி சொல்றது. அப்பறம் சொல்ல வெக்கமா பூடுச்சு. இப்ப பயமா இருக்குதுண்ணா. கெடா வெட்டற வரிக்கும் காத்துக்கினு இருக்காத, கடிதாசி கெடச்ச அன்னிக்கே வா. வீட்ல யாரு இருக்காங்கன்னு அந்த டாக்டரு கேட்டப்ப கதவு தொறந்துதான் இருந்துது. டாக்டரம்மா குடுத்த சீட்டு பஞ்சாங்கத்துக்குள்ள இருக்குது. அதுல அவரு பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிக்கலாமான்னு அங்க விழுப்புரத்துல அந்த டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வா.