போலாம், ரைட்

"அவர் போறேன்னு சொன்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாதுப்பா."

"மாப்பிள்ளை எங்கேம்மா போறார்?"

"இப்போ இல்லப்பா. நான் இல்லாதப்போ. உங்களைப் பார்த்துப் பாவப்பட்டு அந்த மனுஷன் இந்த வீட்டுலயே உட்கார்ந்துடுவார். அவருக்கு இன்னும் வயசிருக்கு. நீங்கதான் விசில் ஊதி அனுப்பணும். பஸ்ஸுல எத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க."

"அவங்கெல்லாம் டிக்கெட் எடுத்தவங்கம்மா."

மகள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது. அது அடங்கியதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினாள். கண்டக்டர் அப்பா அதன்மேல் தன் கையை வைத்தார். வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

அது போன வருஷம். இப்போது அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது ஓய்வுபெற்ற கண்டக்டர், அவருடைய மாப்பிள்ளை, மகள் ஓட்டிக்கொண்டிருந்த மொபெட். மூன்றில் அதிகம் பேசுவது மொபெட்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, கம்பெனியில என்னை மலைக்கு அந்தப் பக்கம் மாத்தறாங்க. குவார்ட்டர்ஸும் தர்றாங்களாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கண்டக்டர் ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். வாக்கு வாக்குதானே.

"அந்தப் பக்கம் பஸ் கிடையாது மாமா. நம்ம வண்டி மேடு ஏறாது. ஏறினாத்தான் போக முடியும்."

கை கழுவும்போதே கண்டக்டருக்கு மூளை வேலை செய்தது. வண்டி மேடு ஏறக் கூடாது, அவ்வளவுதானே? வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் மகளிடம் சொன்னார். ஸ்பேனரை எடுக்க மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். எந்த வேலையைக் கொடுத்தாலும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதால் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"ஏம்ப்பா, தங்கக் கலர்ல ஸ்பார்க் பிளக் விக்கறாங்களே, பொறி நாலு மடங்கு பறக்கும்னு. அதைப் போட்டா நம்ம மொபெட் எப்படி ஓடும்?"

"காசுக்குப் பிடிச்ச கேடு அண்ணே. இது கொசு மாதிரி இன்ஜின். இதுக்குக் கம்பெனிக்காரன் வச்ச பொறியே போதும். வெளிச் சாமான் சேரலைன்னா ஓடற வண்டியும் படுத்துடும்."

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. "நிஜமாவே படுத்துடுமா?"

"படுத்துடும்."

"எந்தக் கடையில கிடைக்கும்?"

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பிளக்கை மாட்டினார். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"மேடு ஏறணும்ல மாப்பிள்ளை."

"ஓ," என்றார் மாப்பிள்ளை. பிறகு குனிந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

உதைத்துப் பார்த்ததில் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. கண்டக்டர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வண்டியை உருட்டிக்கொண்டே பால் வாங்கப் போனார். வெகுநேரம் கழித்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு ராத்திரி ஊறினால் பிளக் சேர்ந்துவிடுமோ என்று கண்டக்டருக்குக் குழப்பம். இருவரும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனார்கள். பாதி மேட்டில் அந்த வண்டி எப்போதும் மூச்சு வாங்கும். மகள் இறங்கித் தள்ளுகிற இடம் அது. அன்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

கண்டக்டர் விடவில்லை. அடுத்த வாரம் பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற 'காயில்' ஒன்றை, பந்தய வண்டிக்குப் போடுகிற சிவப்புக் கலரில் வாங்கி மாட்டினார். சனிக்கிழமை வண்டி செத்த பிணமாகக் கிடந்தது. ஞாயிறு காலை பால் வாங்கி வந்தபிறகு முக்கால் மேடு ஏறியது.

"படுத்துடும்னு சொன்னியேப்பா," என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனார்.

'நாளைக்கு' தலை நிமிராமல் கையிலிருந்த நட்டைத் துடைத்தார். "சில கைக்கு ராசி உண்டு அண்ணே."

ராசியாவது மண்ணாங்கட்டியாவது. கண்டக்டர் நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். பொறி எப்போது விழவேண்டும் என்று கணக்குப் பார்க்கிற எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்று இருந்தது.

"இதுல புகார் வருமா?" என்று கேட்டார்.

கடைக்காரர் நெளிந்தார். "பொய் சொல்லக் கூடாது சார். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் திருப்பிக் கொண்டாந்துடறாங்க."

"அதையே கொடுங்க."

அதை மாட்டும்போது போன வாரத்துச் சிவப்புக் காயிலில் கை பட்டு விரலெல்லாம் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. மட்டமான சாமான் என்று கண்டக்டர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்.

அந்த ஞாயிறு வண்டி மேட்டை முழுக்க ஏறியது. உச்சிக்குப் போன மாப்பிள்ளை திரும்பி, கையைத் தூக்கினார். கீழே நின்ற கண்டக்டரும் தூக்கினார். மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"ஏறிடுச்சு மாமா."

"ஏறிடுச்சு மாப்பிள்ளை."

துக்கம் விசாரிக்கிறவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் உற்சாகமாகப் பேசுவார்கள்.

புறப்படுகிற அன்று மாப்பிள்ளை பையை வண்டியின் பின்னால் கட்டினார். கட்டிய கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கண்டக்டர் உள்ளே போய், ஆணியில் தொங்கிய தன் பழைய விசிலை எடுத்து வந்தார். மகள் சொன்னபடி ஊதி, 'போலாம், ரைட்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. காலமெல்லாம் சொன்ன வார்த்தைதான். விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

அப்போது ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு 'நாளைக்கு' வந்து சேர்ந்தார்.

"அண்ணே, இதை வாங்கிக்கங்க. கடையில இடத்தை அடைக்குது."

கண்டக்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தங்கக் கலர் பிளக். சிவப்புக் காயில். எலெக்ட்ரானிக் பெட்டி.

"இதெல்லாம் வண்டியிலதானே இருக்கு?"

'நாளைக்கு' மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பளபளவென்று இருந்த கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எதுவும் வண்டியில இல்லண்ணே. நீங்க மாட்டுவீங்க. ஞாயித்துக்கிழமை காலையில இவர் உருட்டிக்கிட்டு வந்துடுவார். நான் கழட்டிட்டுப் பழசையே போடுவேன். நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு பழைய காயிலுக்கு இவரே சிவப்புப் பெயிண்ட் அடிச்சார். கார்புரேட்டரைக் கழுவினேன், ஃபில்டரை மாத்தினேன், கிளட்ச்சைச் சரி பண்ணினேன். அதுலதான் ஏறுச்சு."

கண்டக்டர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "இங்கேருந்து போறதுக்கு அவ்வளவு அவசரமா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கைப்பிடியைத் துடைப்பதை நிறுத்தினார். துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கா அவசரம்?" என்றார் 'நாளைக்கு'. "'என்னை அனுப்பணும்னு மாமாவுக்கு இருக்கு, வாயால சொல்ல முடியாம வண்டியைத் தயார் பண்றார். அவர் கையால போட்டது ஓடலைன்னா மனசு விட்டுடுவார்'னு சொல்லிச் சொல்லி, வாராவாரம் என் கடை பெஞ்சுல உட்கார்ந்து அழுவார் அண்ணே."

கண்டக்டர் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். கட்டிலில் இருந்து நீண்ட கை ஒரு கணம் கண்முன் வந்து போனது. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்கூடவே இருந்துடுங்க மாப்பிள்ளை."